ஏ.சி. குமிழுக்கும் ஜன்னல் சுவிட்சுக்கும் எல்.இ.டி.: நீலம் வைக்கலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது, 2022 நவம்பர் 6

என் கார் வாங்கி 13 ஆண்டுகள் ஆகின்றன. ஏ.சி. குமிழ்களுக்குப் பின்னால் இருந்த குட்டி பல்புகள் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. ஜன்னல் கண்ணாடி சுவிட்சுகளுக்கு முதலிலிருந்தே விளக்கு கிடையாது. எல்லாவற்றுக்கும் நீல நிற எல்.இ.டி. வைக்க ஆசை. கடையில் கேட்டால் காருக்குள் ஓடும் ஒயர் கட்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். நாமே செய்துகொள்ள முடியாதா?

2022 நவம்பர் 6, இரவு

முடியும். ஒயர் கட்டைத் தொடவே வேண்டாம்.

வேலூர் சத்துவாச்சாரியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம்தான் என் காரில் இதே வேலையை முடித்தேன். இதில் இறங்கியதற்குக் காரணம் சென்ற ஆண்டு ஐப்பசி மழை. ஆற்காட்டிலிருந்து இரவில் வந்துகொண்டிருந்தோம். மனைவி பக்கத்து ஜன்னலை ஏற்றுவதற்காகச் சுவிட்சைத் தடவினேன். கையில் அகப்பட்டது பின் ஜன்னல் சுவிட்ச். பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தில் சாரல் அடித்தது. எந்தச் சுவிட்ச் என்று பார்க்கக் குனிந்த அந்த இரண்டு நொடியில் முன்னால் போன லாரி பிரேக் பிடித்தது. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த இரண்டு நொடியை நான் மறக்கவில்லை.

மொத்தம் எட்டு எல்.இ.டி. வைத்தேன். ஏ.சி. பலகையில் மூன்று, ஓட்டுநர் கதவில் நான்கு ஜன்னல் சுவிட்சுகளுக்கு நான்கு, பூட்டு சுவிட்சுக்கு ஒன்று. எல்லாம் 3 மில்லிமீட்டர் நீலம். நீல எல்.இ.டி. எரிய சுமார் 3.2 வோல்ட் போதும். கார் பாட்டரி 12 வோல்ட். மீதி 8.8 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) தாங்க வேண்டும். 20 மில்லி ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் 440 ஓம் வரும். கடையில் கிடைப்பது 470. ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனித்தனியாக 470 ஓம், கால் வாட். மின்சாரம் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் பின்புறத்திலிருந்து எடுத்தேன். பழைய பல்பை எப்படித் திருப்பிப் போட்டாலும் எரியும், எல்.இ.டி. அப்படி இல்லை, நீளமான கால்தான் பாசிட்டிவ்.

2022 நவம்பர் 8

மேலே எழுதிய 470 தவறு. யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம்.

ராணிப்பேட்டை நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார்: எஞ்சின் ஓடும்போது காரில் 12 வோல்ட் இருக்காது. ஆல்டர்னேட்டர் பாட்டரியைச் சார்ஜ் ஏற்றும்போது 14.4 வரை போகும். அப்போது ரெசிஸ்டரின் பங்கு 11.2 வோல்ட். 470 ஓம் என்றால் 24 மில்லி ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டரில் மட்டும் 0.27 வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டருக்கு அது அளவு மீறிய சுமை, அதுவும் வேலூர் வெயிலில் மூடிக் கிடக்கும் டேஷ்போர்டுக்குள். தினமும் மோட்டாருக்குச் சுமைக் கணக்குப் பார்க்கிற நான் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

1.2 கிலோ ஓம் போடுங்கள். 9 மில்லி ஆம்பியர்தான் ஓடும், ரெசிஸ்டர் சூடாகாது. என் காரில் இன்னும் மாற்றவில்லை. கடையில் வேலை நெரிசல்.

2022 நவம்பர் 13

பலகையை உடையாமல் கழற்றுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் சில ரூபாய். உடைந்த பலகைக்கு மாற்று கிடைக்க அலைய வேண்டும்.

விடியற்காலைக் குளிரில் கழற்றாதீர்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப் அப்போது சட்டென்று முறியும். காரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள், பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். முதலில் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, காற்றுப்பை உள்ள கார் என்றால் சில நிமிடங்கள் காத்திருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் அது காற்றுப்பையுடையது. அதில் கையும் வைக்கக் கூடாது, மீட்டர் முனையும் வைக்கக் கூடாது.

நெம்புவதற்கு வெறும் ஸ்குரூடிரைவர் வேண்டாம். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மைத்துனர் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகள் கொடுத்தார். தட்டையான ஸ்குரூடிரைவர் முனையில் அதைச் சுற்றிக் கட்டி நெம்பினேன். ஒரு கீறல் இல்லை. துணியைவிடத் தோல் நல்லது. துணி கிளிப்பில் மாட்டிக்கொள்ளும்.

அசல் ஒயரை வெட்டாதீர்கள். ஒயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப்பும் வேண்டாம். அதிர்வில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். ப்யூஸ் பெட்டியில் ப்யூஸோடு சேர்த்துச் செருகும் கிளை இணைப்பு கிடைக்கிறது. அதற்குள் தனியாக ஒரு சிறிய ப்யூஸ் இருக்கும். அதுதான் முறை.

2022 டிசம்பர் 19

சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுக்கலாம் என்ற யோசனையையும் திரும்பப் பெறுகிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். காட்பாடி ரயில் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு ஐந்து நாள் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. இரவு பதினொன்றரை மணி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், மூட்டைகள். பக்கத்தில் கார் நிறுத்தியிருந்த ஒருவர் கேபிள் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் சோதித்தேன். என் காரில் அந்தச் சாக்கெட், சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கிறது. எட்டு எல்.இ.டி., ஒவ்வொன்றும் 20 மில்லி ஆம்பியர்; மொத்தம் 160. ஒரு நாளைக்கு 3.8 ஆம்பியர்-மணி. ஐந்து நாளில் 19. என் பாட்டரி 35 ஆம்பியர்-மணிதான், அதுவும் மூன்று வயதானது. பகல் வெளிச்சத்தில் காரைப் பூட்டியதால் உள்ளே விளக்கு எரிவது யாருக்கும் தெரியவில்லை.

மின்சாரத்தைப் பார்க்கிங் விளக்குச் சுற்றிலிருந்து எடுங்கள். பார்க்கிங் விளக்கைப் போட்டால் மல்டிமீட்டரில் 12 வோல்ட், அணைத்தால் பூஜ்யம். இரண்டையும் பார்த்த பிறகே இணையுங்கள். ஒயரின் நிறத்தை நம்பி யாரும் சொல்ல வேண்டாம். மாடலுக்கு மாடல் மாறும். கதவுக்குப் போகும் ஒயர் மட்டும் ரப்பர் குழாய் வழியாகப் போக வேண்டும். அங்கே ஒற்றைக் கம்பி போட்டால் கதவைத் திறந்து மூடியே ஒடிந்துவிடும். பல இழை ஒயர்தான் வேண்டும்.

இந்த ஞாயிறு இதையும் 1.2 கிலோ ஓமையும் சேர்த்து மாற்றிவிட்டேன்.

2023 ஜனவரி 22

நீலம் வைக்கலாமா என்ற உங்கள் முதல் கேள்விக்கு இப்போதுதான் என்னிடம் பதில் இருக்கிறது. வைக்காதீர்கள்.

பொங்கல் முடிந்து சென்னையிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 48 வழியாக வந்துகொண்டிருந்தேன். வாலாஜாவைத் தாண்டியதிலிருந்து எதிரே வருகிறவர்கள் என் முகத்தில் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்கள். ஏன் என்று புரியவில்லை. கோபம்கூட வந்தது. வேலூர் கிரீன் சர்க்கிளில் நின்றபோது பின்னாலிருந்து அப்பா, "மீட்டரில் ஒரு நீல விளக்கு எரிகிறதே, அது என்ன?" என்று கேட்டார். ஹை பீம். அத்தனை தூரமும் ஹை பீமில் வந்திருக்கிறேன்.

மீட்டரில் ஹை பீம் எரிவதைக் காட்டும் நிறம் நீலம். எந்த கம்பெனி கார் ஆனாலும் அப்படித்தான். அந்த நிறத்தை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருப்பதற்குக் காரணம், இருட்டில் அந்த ஒரு நீலப்புள்ளி தனியாகத் தெரிய வேண்டும் என்பது. நான் அதைச் சுற்றி எட்டு நீல விளக்குகளை எரியவிட்டு அந்தப் புள்ளியைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டேன். எதிரே வந்தவர்களில் இரண்டு சக்கர வாகனக்காரர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

எச்சரிக்கை விளக்குகளின் நிறங்களை அப்படியே விட்டுவிடுங்கள். சிவப்பு என்றால் ஹசார்டு சுவிட்ச், பிரேக், பாட்டரி, எண்ணெய். பச்சை என்றால் இண்டிகேட்டர். நீலம் ஹை பீமுக்கு மட்டும்.

2023 ஜனவரி 25

கல்லூரி மாணவர் ஒருவர் நீல எல்.இ.டி.யை நான் இழிவுபடுத்துவதாக வருத்தப்பட்டிருக்கிறார். இல்லை தம்பி. சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. நீலத்துக்காக உலகம் இன்னும் முப்பது ஆண்டுகள் காத்திருந்தது. அதைச் செய்து காட்டிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்று வீட்டில் எரியும் வெள்ளை எல்.இ.டி.யும் உள்ளே நீலம்தான். மேலே பூசிய பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொருளால் வெள்ளையாகத் தெரிகிறது. என் கடை மேசை விளக்கே அவர்கள் கொடுத்த கொடை. நான் சொல்வது கார் கதவைப் பற்றி மட்டும்.

2023 பிப்ரவரி 20

நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்துக்கு வருகிறேன். உண்மையான பாடம் ஏலகிரியில் கிடைத்தது.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்த அந்த வளைவுகளை ஏறும்போது பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார்கள். இறங்கும்போது இருட்டிவிட்டது. வலப்பக்க சைடு மிரரைப் பார்க்கத் திரும்பினால் மிரருக்குச் சற்று மேலே, ஜன்னல் கண்ணாடியில், ஐந்து நீலப் புள்ளிகள் மிதந்தன. கதவுச் சுவிட்சின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. நகரத் தெருவிளக்கில் இத்தனை நாள் தெரியாதது மலை இருட்டில் துலக்கமாகத் தெரிந்தது. பின்னால் வரும் வண்டியா, என் சுவிட்சா என்று ஒவ்வொரு வளைவிலும் தடுமாற்றம். கடைசியில் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையைச் சுவிட்ச் மேல் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

இருட்டில் வேலை செய்யும் கண்ணின் கோல் செல்களுக்கு நீலப்பச்சையில்தான், ஏறக்குறைய 507 நானோமீட்டரில், கூர்மை அதிகம். சிவப்பை அவை கிட்டத்தட்ட உணர்வதே இல்லை. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். கைக்கு அருகே நீலத்தை எரியவிட்டால் பழகிய கண்ணை நாமே கலைத்துக்கொண்டே இருக்கிறோம். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்தது, மறு கண் பாக்கி. நீலம் அந்தக் கண்ணில் மூட்டமாகச் சிதறுகிறது என்று முதல் நாளே சொன்னார். நான் பழகிவிடும் என்று சொல்லிவிட்டேன். அது சரியான பதில் இல்லை.

2023 மார்ச் 12

கதவில் இருந்த ஐந்தையும் ஆரஞ்சு மஞ்சளுக்கு மாற்றினேன். ஏ.சி. பலகையில் மூன்றையும் அப்படியே. ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம். ஆரஞ்சு மஞ்சளுக்கு 2 வோல்ட் போதும் என்பதால் 2.6 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. முன்பு ஓடிய 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதுவும் இரவில் அதிகம்தான்.

ஒரு எச்சரிக்கை. 470 ஓம் ரெசிஸ்டரின் நிறப் பட்டைகள் மஞ்சள், ஊதா, பழுப்பு. 4.7 கிலோ ஓமுக்கு மஞ்சள், ஊதா, சிவப்பு. டியூப்லைட் வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோல இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் நூறு நூறாக வாங்கி வந்த பொட்டலங்கள் கலந்துவிட்டால் மீட்டர் வைத்தே பிரியுங்கள்.

எல்.இ.டி.யின் மூக்கு நேரே மட்டும் அடிக்கும். சுவிட்சில் உள்ள குறியின் நடுவில் கண்ணைக் குத்தி, ஓரத்தில் இருட்டாக விடும். உப்புத்தாளில் அதன் தலையை மொட்டையாகத் தேய்த்துவிட்டால் வெளிச்சம் பரவுகிறது.

2023 ஏப்ரல் 9

ஏ.சி. பலகை பற்றி மார்ச்சில் எழுதியதைத் திருத்த வேண்டும். கதவுக்கு ஆரஞ்சு மஞ்சள் சரி, ஏ.சி.க்குச் சரியில்லை.

வெப்பக் குமிழைச் சுற்றி ஒரு வளைவு வரைந்திருக்கும்: ஒரு பாதி நீலம், மறு பாதி சிவப்பு. பின்னாலிருந்து ஆரஞ்சு மஞ்சள் அடித்தால் சிவப்புப் பாதி எரிகிறது, நீலப் பாதி கறுப்பாகிவிடுகிறது. ஆரஞ்சு மஞ்சளில் நீலமே இல்லையே, அது எப்படி வெளியே வரும்? என் மனைவி இரவில் ஏ.சி.யைக் கூட்டுவதாக நினைத்து ஹீட்டர் பக்கம் திருப்பிவிட்டார். சித்திரை பிறக்கப்போகிற நேரத்தில், வேலூரில்.

அந்த மூன்றுக்கும் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை வைத்தேன். இரண்டு பாதியும் தெரிகின்றன. உங்கள் பலகையில் பச்சை வடிகட்டி இருந்தால் இதே விதிதான்: பச்சைக்குப் பின்னால் பச்சை அல்லது வெள்ளை. சிவப்பு வைத்தால் இருட்டு.

2023 மே 14

கத்திரி வெயில். சூடான பசை உருக்கி ஒட்டியிருந்த எல்.இ.டி.களில் இரண்டு கழன்று கதவுக்குள் விழுந்துவிட்டன. பசை ஜவ்வாக இழுபட்டது. அந்தப் பசையை டேஷ்போர்டுக்குள் பயன்படுத்தாதீர்கள், சாதாரண இன்சுலேஷன் டேப்பையும். டேப்பின் பிசின் இளகி ஒயரை விட்டு வழிந்திருந்தது. எபாக்ஸி போட்டு ஒட்டி, இணைப்புகளுக்குச் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். இது நிற்கிறது.

2023 ஜூன் 18

இத்தனை மாதம் தேடியது ஒரே ரெசிஸ்டர் மதிப்பை. அப்படி ஒன்று கிடையாது என்பது இப்போது புரிகிறது. அண்ணா சாலை விளக்கில் போதாத வெளிச்சம் ஏலகிரியில் அதிகம். ஆகவே கூட்டிக் குறைக்க வேண்டும்.

காரில் ஏற்கெனவே இருக்கும் மங்கல் குமிழில் இணைத்துப் பார்த்தேன். என் கார் பழையது, அது வெறும் தடைக் குமிழ். பல்பு நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும், அதற்கு அந்தத் தடை கணிசம். எல்.இ.டி. இழுப்பது இரண்டு, தடையை அது உணரவே இல்லை. திருகினாலும் மாற்றமில்லை.

எல்.எம். 317 என்ற, வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் சில்லு ஒன்று போட்டேன். 240 ஓம் ஒன்று, 330 ஓம் ஒன்று, அதோடு தொடராக ஒரு கிலோ ஓம் வரை தடையைக் கூட்டிக் குறைக்கும் திருகு. 3 வோல்ட்டிலிருந்து 8 வோல்ட் வரை கிடைக்கிறது. எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் வெளிச்சம் ஒரே சீராக இருப்பது கூடுதல் பலன். சூடு இல்லை, சூட்டை இறக்கும் தகடு வேண்டாம். ஆனால் ஒன்று: அந்தச் சில்லின் முதுகிலுள்ள உலோகத் தகடு எர்த் இல்லை, அதுதான் வெளியீடு. காரின் இரும்பில் திருகினால் ஷார்ட். ஸ்லீவுக்குள் வைத்துக் கட்டுங்கள். உள்ளே வரும் பக்கம், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என் 4007 டையோடு ஒன்றும் போடுங்கள். பாட்டரியின் முனைகளை யாராவது மாற்றிப் போட்டால் காப்பாற்றும். பெரும்பாலான எல்.இ.டி.கள் தலைகீழாக 5 வோல்ட்தான் தாங்கும்.

2023 ஜூன் 20

330-ஐ 470 ஆக்கினேன். முழுதாகக் குறைத்தால் 3 வோல்ட்டில் ஏ.சி.யின் வெள்ளை அணைந்துவிட்டது, கதவின் ஆரஞ்சு மஞ்சள் மட்டும் எரிந்தது. இப்போது கீழ் எல்லை 3.7 வோல்ட். ஆரஞ்சு மஞ்சள் அப்போதும் முந்துகிறது என்பதால் அவற்றுக்கு மட்டும் 10 கிலோ ஓம்: பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. எட்டும் ஒன்றாக மங்குகின்றன.

2023 ஜூலை 2

டேஷ்போர்டுக்கு அடியில் சிவப்பு எல்.இ.டி. பட்டை ஒட்டலாமா என்று வாணியம்பாடியிலிருந்து கேள்வி. முன்பக்கம் வெளியே சிவப்பு வெளிச்சம் தெரியக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 108 சொல்கிறது. பட்டை கண்ணாடி வழியாகத் தெரியும்படி ஒட்டினால் போலீஸ் கேட்பது நியாயம். அதைவிட முக்கியம், ஒரு மீட்டர் நீளத்துக்கு 14.4 வாட் இழுக்கும் பட்டை கால் வைக்கும் இடத்தை ஹால் போல ஆக்கிவிடும். அந்த வெளிச்சம் முன் கண்ணாடியில் பட்டால் சாலை மங்கும். வேண்டாம்.

2023 ஆகஸ்ட் 13

குடியாத்தம் நண்பர் வேலையை முடித்துப் படம் அனுப்பியிருக்கிறார். ஆரஞ்சு மஞ்சள்தான் வைத்திருக்கிறார். படத்தில் நன்றாக எரிவதுபோல் இருக்கிறது என்றால் காரில் அதிகமாக எரிகிறது என்று அர்த்தம். இரவு தெருவிளக்கு இல்லாத இடத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்து, பிறகு திருகுங்கள். வலப்பக்க ஜன்னல் கண்ணாடியில் புள்ளி மறையும் வரை குறையுங்கள். குனியாமல் கடைக்கண்ணில் சுவிட்ச் தெரிந்தால் அந்த அளவு சரி.

நேற்று இரவு அப்பாவைத் திருவலம் வரை அழைத்துப் போய் வந்தேன். பொன்னை ஆற்றுப் பாலத்தில் இருட்டு. விளக்கு எரிகிறதா என்று கேட்டார். எரிகிறது என்றேன். அப்படியா, தெரியவே இல்லையே என்றார். பிறகு தானாகவே தன் பக்கத்துச் சுவிட்சைத் தேடினார். அந்தக் கதவுக்கு இன்னும் வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அதையும் பின்கதவுகள் இரண்டையும் சேர்த்து முடிக்கிறேன்.